பற்றா, வரவா

வாப்பா கைப்பட எழுதிய விலை இது:
அறுபத்தைந்தில் ஒன்றுக்கு ஒன்று.
மறுவருஷம் நம் ரூபாய் சரிந்து
இலங்கை நூறுக்கு நம்முடையது நூற்றைம்பத்தேழு.
பிறகு அவர்களுடையது இறங்கிற்று,
இறங்கிக்கொண்டே இருந்தது.
பேரேடு என் கைக்கு வந்தது.

இருபத்திரண்டு மே, மண்டபம் கடை.
படகுக்காரன் மணல்தீடையில் இறக்கிவிட்டுப்போன
பேசாலைக்காரி, டிலாந்தினி,
ஈர ஐயாயிரத்தை நீட்டினாள்.
ஆயிரத்து எழுபது கொடுத்தேன்.
விலை கேட்கவில்லை;
பால்மா எங்கே கிடைக்கும் என்றாள்.

காயட்டுமென்று பேரேட்டுக்குள் வைத்த தாள்
மறந்தே போனது.

அடுத்த ஜூனில் விரித்தால்
உப்புப் பூத்து ஒட்டியிருக்கிறது,
ஒன்றுக்கு ஒன்று எழுதிய பக்கத்தில்.
இன்றைய விலைக்கு
ஆயிரத்து முந்நூற்று எண்பது.

மிச்சம் முந்நூற்றுப் பத்து.
முகாமில் அவள் எந்த வரிசையென்று தெரியாது.
பேனா மூடி பல்லில்.
அஸருக்குப் பாங்கு சொல்லியாயிற்று.