வாய்தா

பதினொன்றரைக்கே முடிந்துவிட்டது.
நீதிபதி விடுப்பு.
'தை பிறந்து பார்க்கலாம்' என்றார் வக்கீல் குமாஸ்தா,
நல்ல சேதி சொல்கிறவர் மாதிரி.
மூன்று மணிக்கு ஒரு கையெழுத்து மட்டும்
போட்டுவிட்டுப் போகவேண்டுமாம்.

எட்டாவது வருஷம்.
இருபத்திரண்டு சென்ட் தென்னந்தோப்பு,
அதில் ஒரு உவர்க்கிணறு.
வாதி ஜெசிந்தாள். பிரதிவாதி நான்.
அக்கா குடியிருப்பது தங்கச்சிமடம்.
தங்கச்சி வாக்கப்பட்டது அக்காள்மடம்.
சம்மன் கொண்டுவந்த அமீனா
முகவரியைப் படித்துவிட்டுச் சிரித்தே விட்டார்.

இந்த ராமநாதபுரத்துக்கு எத்தனை தரம் வந்திருப்பேன்.
பெரியாஸ்பத்திரிக்கு, ரேஷன் கார்டு திருத்த,
வீட்டுக்காரர் படகு பிடிபட்டபோது மனுக்கொடுக்க.
அரண்மனைக்கு வந்ததில்லை.
மழை விட்ட தெருவில்
ஒரு சாக்குக்குள் நண்டுகள் நடந்துகொண்டிருந்தன.
அதைத் தாண்டி உள்ளே போனேன்.

டிக்கெட் கொடுப்பவரிடம் சில்லறை இல்லை.
'பின்னாடி நிக்கிறவங்களும் உங்க கூடத்தானே,
மூஞ்சியப் பாத்தாலே தெரியுதே.
ரெண்டா எடுத்துக்கங்க.'

திரும்பினேன்.
அதே கறுப்புக் குடை.
அதே கட்டைப்பை, அதற்குள் அதே கேஸ் கட்டு.

ரெண்டாகத்தான் எடுத்தேன்.

அவள் இடது வரிசைத் தூண்கள், நான் வலது.
நல்லவேளை, ஒவ்வொன்றும்
ஓர் ஆளை மறைக்கிற பருமன்.
சுவரெல்லாம் ராஜாக்கள்,
சண்டை, சபை, சாய்ந்து உட்கார்ந்த பெண்கள்.
ஒருத்திக்கு முகம் உதிர்ந்துவிட்டது.
கையில் பிடித்த பூ உதிரவில்லை.

'சொத்து வழக்கு லண்டன் வரைக்கும் போன வம்சம்ங்க இது'
யாருக்கோ சொல்லிக்கொண்டிருந்தார் காவலாளி.
தூணுக்கு அந்தப் பக்கம்
அக்கா சிரித்தது கேட்டது.
நானும் சிரித்தேன்,
கேட்காதபடி.

மாடிப்படி குறுகல்.
மூட்டுவலிக்காரி, பாதியில் நின்றாள்.
கையை நீட்டலாமா என்று
நான் யோசித்து முடிப்பதற்குள்
சுவரைப் பிடித்துக்கொண்டு ஏறிவிட்டாள்.

மேலே, நாலு பக்கமும் தண்ணீர்.
தண்டனை மாற்றலில் வருகிறவர்கள்
தண்ணியில்லாக் காடு என்று வைகிற ஊர்
இன்றைக்கு
கூரைகளுக்கு நடுவே ஒரு ஊரணி,
வேப்பமரத்துக்குப் பின்னால் இன்னொன்று,
தூரத்தில் கண்மாய்,
கரை எது வானம் எது என்று சொல்லமுடியாமல்.
ஒரு கூழைக்கடா
மூட்டை இறக்குவது போலத் தன்னை
அந்த வெள்ளைக்குள் இறக்கியது.

அக்கா பேசினாள். என்னிடம் இல்லை, ஊரணியிடம்.
'அப்பா கெணத்துல தண்ணி ஏறியிருக்கும்.'

நானும் ஊரணியிடம்தான் சொன்னேன்.
'ஏறியிருக்கும். உப்புக் கொறஞ்சிருக்கும்.'

வக்கீல் இல்லாமல் நாங்கள் பேசி எட்டு வருஷம்.
இது எந்தச் சாட்சியத்திலும் ஏறாது.

மூன்று மணிக்கு, நீல மையில் அடையாளமிட்ட இடத்தில்,
எதிர்த்தரப்பு சொல்வது அத்தனையும் பொய்
என்பதன் கீழே
கையெழுத்துப் போட்டேன்.
கோணலாக விழுந்தது.
'பரவாயில்லை' என்றார் குமாஸ்தா.

ராமேஸ்வரம் பஸ்.
எனக்கு மூன்று சீட் முன்னால்
அவளுடைய நரைக் கொண்டை.
பாம்பன் பாலத்தில் எல்லோரும் எழுந்து,
குழந்தைகளைத் தூக்கிப் பிடித்து,
கடலைப் பார்த்தார்கள்.
நாங்கள் ரெண்டு பேரும் எழுந்திருக்கவில்லை.
சொந்த வீட்டுக் கொல்லையை
யார் எட்டிப் பார்ப்பார்கள்.

என் ஊர்தான் முதலில் வரும்.
இறங்கிச் சேலையை உதறும்போது
ஜன்னலிலிருந்து ஒரு கை நீண்டது,
நாலாக மடித்த நோட்டோடு.
டிக்கெட் காசு.
கடன் வைக்கமாட்டாள், சின்னதிலிருந்தே அப்படி.

'தையில வாங்கிக்கிறேன்' என்றேன்.

கண்டக்டர் விசில் கொடுத்தார்.
கை இன்னும் உள்ளே போகவில்லை.
அக்காவை ஏற்றிக்கொண்டு பஸ்
தங்கச்சிமடம் போனது.