பதினெட்டு கிராம்

போளூரில் ஏறியதிலிருந்து
பெட்டி என் மடியில்தான்.
நீல வெல்வெட்டுக் குழிகளில் பித்தளைக் கற்கள்,
இரண்டு கிலோவில் தொடங்கி ஒரு கிராம் வரை
குடும்பப் படம்போல் உயர வரிசையில்.
வளைவுக்கு வளைவு கிணுகிணுத்தன.
"கொழந்தையா மேடம்?" என்றார் பக்கத்து இருக்கைக்காரர்.
"கவர்மென்ட் கொழந்தை" என்றார் சாதிக்பாஷா,
என் அலுவலகத்தின் ஒரே உதவியாளர்,
இன்னும் மூன்று வளைவில்
ஜன்னலுக்கு வெளியே தலை நீட்டப்போகிறவர்.

ஜமுனாமரத்தூரில் இறங்கியபோது
முதுகில் வேலூர் வெயில் ஒட்டியே இருந்தது.
ஸ்வெட்டரை அதன்மேலேயே போட்டுக்கொண்டேன்.
பனி, டீக்கடைக்குள் வந்து
பெஞ்சில் உட்கார்ந்து
யாரும் எதுவும் கேட்காததால் எழுந்து போனது.

சந்தை.
அரைக்கிலோ என்று சத்தியம் செய்தது ஒரு கருங்கல்.
இன்னொரு தட்டில் பாதி தேய்ந்த பேட்டரி.
பெயர், ஊர், தராசு வகை,
கார்பன் தாள் வைத்து எழுதி எழுதி
என் விரல் நீலமாயிற்று.
பலாச்சுளை விற்றவர் எண்ணி விற்றார்.
அவரை என்ன செய்வது?

புளியமரத்தைத் தாண்டியதும்
திடீரென்று கடல் நாறியது.

அஞ்சலாட்சி, கடலூர் முதுநகர்.
மூன்று பஸ் மாறி, வாரம் ஒரு தரம்.
நெத்திலி, கவலை, சுறாத் துண்டு,
சாக்கின் வாயெல்லாம் உப்பு.
எதிரில் மலைப் பெண்கள்,
பாதிப் பேர் கையில் காசு, பாதிப் பேர் மடியில் சாமை.
சாமைக்கு நெத்திலி, படிக்குப் படி.
அந்தப் பக்கம் நான் பார்க்கவில்லை என்று வையுங்கள்.

அவளுடைய இரண்டு கிலோ இரும்புக் கல்லை
என் பித்தளைக்கு எதிரே ஏற்றினேன்.
பித்தளை இறங்கியது.
பதினெட்டு கிராம்.
சட்டம் பொறுப்பதைத் தாண்டிவிட்டது.

"நான் எடுக்கலம்மா. உப்பு தின்னுடுச்சி.
எங்க ஊட்டு ஜன்னல் கம்பியவே தின்னுடுச்சி,
இந்தக் கல்லு எம்மாத்திரம்."

துருவைச் சுரண்டிப் பார்த்தேன்.
பொய்யில்லை.
சிவப்பாய் உதிர்ந்தது, என் ரசீதுப் புத்தகத்தின்மேல்.

"அது எங்களுக்குத் தெரியும்" என்றாள்
சாமை கொண்டுவந்த சடைச்சி.
"போன வருசமே தெரியும்.
அதுக்குத்தான் நிறுத்தப்புறம்
மேல ரெண்டு கருவாடு போடுது.
கல்ல நீங்க எடுத்துனு போயிட்டா
சாயங்காலம் வரிக்கும் எத வெச்சி போடும்?"

சட்டத்தில் இதற்குப் பதில் இருக்கிறது.
என்னிடம் இல்லை.

இரும்புக் கல்லைப் பறிமுதல் செய்தேன்,
ரசீது கொடுத்தேன், கைநாட்டு வாங்கினேன்.
பிறகு, சாதிக்பாஷா வேறு பக்கம் திரும்பிக்கொள்ள,
துணியில்லாமல் விரல்கூடப் படக்கூடாத
என் பித்தளை இரண்டு கிலோவை
அவள் தட்டில் வைத்தேன்.

நாலு மணி பஸ் வரை நிறுத்தாள்.
ஈரக்கை, செதில் கை, உப்புக் கை.
தராசு முள் நடுவில் நின்றது, அசையாமல்,
அப்படி நிற்பதை இந்தச் சந்தை
அன்றுதான் பார்த்திருக்கும்.
ஆனாலும் ஒவ்வொரு தரமும்
மேலே இரண்டு கருவாடு போட்டாள்.
"இப்பதான் கல்லு சரியாயிருக்கே" என்றேன்.
"கையி கேக்கல" என்றாள்.

இறங்கும்போது கிழக்கே ஓர் இடத்தில்
மலை விலகி வானம் வெறுமையாய்க் கிடந்தது.
"கடல் தெரியுமா மேடம் இங்கிருந்து?"
தெரியாது, தூக்கம் வருகிறது என்றேன்.

மறுநாள் சத்துவாச்சாரி அலுவலகத்தில்
பெட்டியைத் திறந்ததும்
பக்கத்து மேசைக்காரர் மூக்கைப் பொத்தினார்.
இரண்டு கிலோவின் நீலக் குழியில்
ஒட்டிக்கிடந்தது ஒரு செதில்.
விரல் நுனியில் எடுத்துத்
தராசுத் தட்டில் வைத்தேன்.
ஒரு கிராமுக்குக் கீழே என்னிடம் கல் இல்லை.

மின்விசிறியை நிறுத்தச் சொன்னேன்.