கழுத்தளவு

பகலில் பல் செய்கிறேன்,
ஆஸ்பத்திரி வீதியில், மருந்துக்கடைக்கு மேலே.
கடைவாய்ப் பல் மூன்று, முன்பல் ஒன்று.
கொடிகாமத்து மாப்பிள்ளைக்கு அவசரமாம், சீட்டில் இருக்கிறது.
ஆறு மணிக்குப் பிறகு சூளை எனக்கு.
ஒரு கோழிமுட்டை நிற்கும் அளவுதான் அதன் வயிறு;
ஆகையால் அவள் தலையும் முட்டையளவு.

நானூறு வருசத்துக்கு முந்திய சீமைச் சீமாட்டி.
பெயர் வைக்கவில்லை.
நிறத்தைப் பல்நிறத் தட்டில் பார்த்தேன்: பி-ஒன்,
இருப்பதில் வெளிறியது.
ஈயம் பூசி முகத்தை வெளுப்பார்களாம் அவர்கள்.
என் நிறம் அந்தத் தட்டில் இல்லை.
இருக்கவும் வேண்டாம், அது பல்லுக்கானது.

முதல் தலை வெடித்தது. நெற்றியில் காற்றுக்குமிழ்.
இரண்டாவது, எழுநூறு பாகையில் கரண்ட் போய்
அரைவேக்காட்டு மரவள்ளிக்கிழங்காய் மாப்பூத்து நின்றது.
மூன்றாவது சரி.
காது கொஞ்சம் மேலே ஏறிவிட்டது. கொண்டை மூடும்.

உடுப்பு ஜெசிந்தாவின் பாடு.
குருநகரில் மாதா சொரூபத்துக்கு
வருசம் ஒரு மேலாடை தைக்கிறவள்.
பாவாடைக்குள் வளையம் வேணும்,
கூடை கவிழ்த்த மாதிரி நிற்கவேணும் என்றேன்.
"ஈர்க்கு?" என்றாள்.
ஈர்க்கு வளைத்த இடத்தில் முறிந்தது.
பொய்ப்பல்லுக்குக் கொளுக்கி வளைக்கும் கம்பியை எடுத்தேன்.
ஏழு வளையம்.
யாரோ ஒருவர் வாய்க்குள் இருந்திருக்கவேண்டிய உருக்கு
இப்போது இவள் இடுப்புக்குக் கீழே.

கழுத்துச் சுருள்தான் எங்களைத் தின்றது.
மூன்று முழ மெல்லிய துணி, விரற்கடை அகலம்.
பச்சையரிசிக் கஞ்சி. கிணற்றுத் தண்ணி உவர்,
காய்ந்ததும் உப்புப் புள்ளி பூத்தது.
போத்தல் தண்ணி வாங்கி மறுபடி காய்ச்சினாள்.
மடிப்புக்குள் சூட்டுக்கோல் விடவேணும்;
என் மெழுகுக் கத்தியைச் சுடவைத்துக் கொடுத்தேன்.
நூற்றியிருபது மடிப்பு. மூன்று இரவு.
பேசவில்லை. மூச்சுப் பட்டாலும் துவளும்.

பிறகு பொருத்தினோம்.

சூளைக்குள் சுருங்கும், எனக்குத் தெரியும்.
ஒவ்வொரு பல்லையும் ஆறிலொரு பங்கு கூட்டித்தான் செதுக்குவேன்.
அவளுக்கு அளவு கொடுத்ததோ
வேகாத கழுத்தில்.
சுருள் தோளைத் தாண்டி விரிந்து கிடக்க
நடுவில் தலை தனியே இருந்தது.
ஜெசிந்தா சிலுவை போட்டுக்கொண்டாள்,
பிறகு அடக்கமுடியாமல்,
"தட்டில வைச்ச அருளப்பர்ர தலை!"
கீழே மருந்துக்கடைக்காரர்
தும்புத்தடியால் முகட்டில் இடிக்கும்வரை சிரித்தோம்.

பிரிக்க அவளுக்கு மனமில்லை.
இன்னொரு தலைக்கு என்னிடம் மா இல்லை.
முரசு வார்க்கும் இளஞ்சிவப்பு அக்ரிலிக்கில்
கழுத்துக்கு ஒரு பட்டி வார்த்தேன்.
ஊன்றிய பல்லைப் போல நிற்கிறாள் இப்போது.

வாயை மூடியே செதுக்கியிருந்தேன்.
சீனிப்பண்டம் புதுப்பவிசாய் இருந்த காலம்,
மாளிகைப் பெண்களின் பல்லெல்லாம் கறுத்துப்போகுமாம்,
எங்கோ வாசித்தது.

நேற்று நிறம் பார்க்க வந்த பெட்டை, முன்பல் உடைந்தவள்,
உதட்டைப் பொத்தியபடி கேட்டாள்:
"அக்கா, இவ ஏன் சிரிக்கேல்ல?"
"நீயும்தான் சிரிக்கேல்ல."
கையை விலக்கினாள்.
ஏ-மூன்று. எழுதிக்கொண்டேன்.

பின்னேரம் கச்சான் உப்போடு வந்தது.
சுருளின் இடப்பக்கம் தொய்ந்துவிட்டது.
கத்தி சூடாகிறது.