இருமுறை வந்த மூன்றரை

கோப்பின் பெயர் ‘அப்புறம்’.
நல்ல பெயர் அப்புறம் வைக்கலாமென்று
பதினோரு வருடத்துக்கு முன் வைத்தது.

ஹாப்சலுவில், வலை உலர்த்தும் கொட்டகைக்கு மேலே
என் அறை.
தீவுப் படகுக்குச் சீட்டு விற்கும் சர்வர் ஒன்று
என்னை நம்பி ஓடுகிறது. அல்லது
அதை நம்பி நான் உறங்குகிறேன்.

கிடைத்ததையெல்லாம் போட்டுவைப்பேன்.
பிராக்சி முகவரியின் வாலில் ஒரு சாய்கோடு:
இருந்தால் ஒரு பாதை, இல்லாவிட்டால் வேறு பாதை
(ஒரு செவ்வாய்க்கிழமை முழுக்க அதற்கே போனது).
சாவிக் கோப்புக்கு அனுமதி அறுநூறு,
கூடுதல் தாராளம் காட்டினால்
வாசலிலேயே நிற்க வேண்டியதுதான்.
லாக் கோப்பை அன்றாடம் கத்தரி.
கத்தரிக்காத ஆண்டில் டிஸ்க் நிரம்பி
சர்வர் மூச்சுமுட்டிக் கிடந்தது,
வெளியே ஊரே நெருப்பு மூட்டிப் பாடிக்கொண்டிருந்த
நடுக்கோடை இரவில்.

ஒவ்வொன்றின் தலையிலும்
தந்தவர் யாரென்று குறித்திருப்பேன்.
டேட்டாபேஸ் இணைப்பை ஒழுங்காய் மூடும் நான்கு வரி
ரீகா போகும் பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரன்
பயணச்சீட்டின் முதுகில் எழுதித் தந்தது.
பெயர் கேட்கவில்லை. ‘பச்சைத் தொப்பி’ என்றே இருக்கிறது.
ஹெல்வி தந்தவை ஒன்பது.
விடுப்புக்குப் போகும் நாளில்
வலி வந்த பிறகும் கடைசி இரண்டை
விளக்கிவிட்டே காரில் ஏறினாள்.
உர்மாஸ் தந்தது ஒன்றே ஒன்று:
‘ஏழு நொடி தூங்கு.’
ஏன் என்றால் தோளைக் குலுக்குவான்.
ஒருமுறை எடுத்துப் பார்த்தேன்.
அக்கரையில் பிரிண்டர் வெற்றுத் தாளாகத் துப்பியது.
திரும்ப வைத்துவிட்டேன்.
காரணம் இன்றுவரை தெரியாது.

அக்டோபரின் கடைசி ஞாயிறு.
நாடே கடிகாரத்தை ஒரு மணி பின்னால் தள்ளும் இரவு.
நான்கு அடிக்க வேண்டிய நொடியில்
மறுபடி மூன்று.

என் நிரல் மூன்றரைக்கு எழுந்தது,
மீந்த இடங்களைக் காத்திருந்தவர்களுக்குப் பங்கிட்டது,
படுத்தது.
இன்னொரு மூன்றரை வந்தது.
சொன்ன சொல் தட்டாத கழுதை
மறுபடி எழுந்து
அதே இடங்களை அடுத்த வரிசைக்குப் பங்கிட்டது.

விடிவதற்குள் துறையிலிருந்து கைடி கூப்பிட்டாள்.
“பதினான்கு இடம், இருபத்தெட்டு வண்டி.
முன்னால் ஆட்டு டிரெய்லரோடு பிரீடிக்.
அவர் சீட்டின் எண்ணிலேயே
பக்கத்து வேனில் ஒரு பியானோ.”
அவள் குரலுக்குப் பின்னால் கேட்டது
ஆடுகளின் சத்தம் மட்டும்.
இங்கே மனிதர்கள் கத்துவதில்லை.
கண்ணாடியை ஏற்றிக்கொண்டு
வண்டிக்குள் உட்கார்ந்து
அமைதியாக உன்னை வெறுப்பார்கள்.

பிரீடிக்தான் இறங்கினாராம்.
அளவு நாடாவோடு படகுத் தளத்தில் நடந்து
பக்கக் கண்ணாடிகளை எல்லோரும் மடக்கினால்
இருபது கொள்ளும் என்றாராம்.
கொண்டது.
பியானோ ஆடுகளோடு ஒட்டி நின்று போனது.
எட்டு வண்டி கரையில்.

எட்டுப் பேருக்கும் மன்னிப்பு எழுதி,
பணத்தைத் திருப்பி,
ஆறிய காப்பியோடு கோப்பைத் திறந்தேன்.
புதுக் குறிப்பு: ‘சர்வரின் கடிகாரத்தை
கிரீன்விச்சிலேயே விட்டுவிடு.
கோடையும் குளிரும் மனிதர்களுக்கு.’
எழுதுமுன் சும்மா ஒருமுறை தேடினேன்,
கிரீன்விச் என்று.

இருநூற்றுப் பன்னிரண்டாம் வரி.
ஆறு வருடம் பழையது.
சொல் மாறாமல் அதே வாக்கியம்.
கோடைகூட அதே இடத்தில்.
தந்தவர்: நான்.

போன ஜூனில் புதுச் சர்வருக்குக் குடிபெயர்ந்தபோது
எல்லாவற்றையும் மூட்டை கட்டினேன்.
கோப்பையும் கட்டினேன்.
படிக்கத்தான் இல்லை.

நெடுநேரம் அந்த வரியைப் பார்த்திருந்தேன்,
சொந்தக் கையெழுத்தில் வந்த
மொட்டைக் கடிதத்தைப் பார்ப்பதுபோல.
பிறகு அதன் கீழே எழுதினேன்:
‘உண்மை. எட்டு வண்டி, ஒரு பியானோ, பதினொரு ஆடு.’
கடிகாரத்தை மாற்றினேன்.
மாறியதா என்று கேட்டேன், மாறியது என்றது,
இன்னொரு முறை கேட்டேன்.

ஜன்னலுக்கு வெளியே
ஒன்பது மணிப் படகுக்கு
அந்த எட்டு வண்டிகளும் ஏறிக்கொண்டிருந்தன.
நல்லவேளை,
ஒன்பது ஒன்றுதான் இருந்தது.