பதினாலாம் நம்பர் ரூம்

சாவியோடு சேர்த்து
இதையும் என் மேஜைமேல் வைத்தாள் ஐபன்.
கரித்துண்டும் தேங்காய் மட்டையும் அடைத்த
பெயின்ட் டப்பா. நாலு இலை. பூ இல்லை.
"ஆர்க்கிட். மண் வேணாம். காத்து போதும்."
ஷில்லாங்கில் காற்றுக்கு வேறு அர்த்தம் போல.
சித்திரையில் காந்தி ரோட்டில் வீசுவது
யாரோ அடுப்பு ஊதுவது.

தம்பியைப் போகலாம் என்று சொல்லிவிட்டார்களாம்.
எந்தப் போகலாம் என்று நான் கேட்கவில்லை.
வாசல் ஆட்டோவில், போர்வைக்குள், அவன்
காட்பாடி ரயிலுக்கு நேரமாச்சு என்பதுபோல்
வாட்ச் இல்லாத மணிக்கட்டைப் பார்த்தான்.
அட்வான்ஸ் திருப்பித் தர
நான் சில்லறை தேடிக்கொண்டிருந்தேன்.

பத்தே நாள். இலை தொங்கிவிட்டது.
டப்பாவைக் கவிழ்த்தால்
வேரெல்லாம் ஊறிய அப்பளம்.

அப்போதுதான் தெரிந்தது
இந்த லாட்ஜில் எத்தனை வைத்தியர் என்று.
பர்த்வான்காரர் கடுகுப் புண்ணாக்கு என்றார்.
சித்தூர்க்காரர் வேப்பெண்ணெய், ஒரு சொட்டு சோப்பு.
ஒன்பதாம் ரூம் ராஞ்சி அம்மா
பாலைத் தொட்டு இலை துடைத்தாள்; எறும்பு வந்தது.
டீ மாஸ்டர் ஏகாம்பரம்
கொதித்த தூளைச் சூட்டோடு கொட்ட வந்தார்,
கையைப் பிடித்துக்கொண்டேன்.
வார்டு வாசல் பெஞ்சில்
பகல் முழுக்கச் சும்மா உட்காரச் சொல்லப்பட்டவர்கள்.
ஒரு மாத்திரைப் பெயரும் வாயில் நுழையாதவர்கள்.
ராத்திரி இங்கே வந்து ஆளுக்கொரு மருந்து சொன்னார்கள்.
லெட்ஜரின் பின்பக்கம் எழுதிக்கொண்டேன்.

பிளேடை மெழுகுவத்தியில் காட்டி
அழுகினதை அறுத்தேன்.
வெட்டு வாயில் மட்டும் பட்டைப் பொடி,
பிரியாணிக்கு வாங்கியதில் ஒரு சிட்டிகை.
மாவுப்பூச்சிக்குப் பூண்டுத் தண்ணீர்
(ரிசப்ஷன் மூன்று நாள் ரசம் மணத்தது).
அரிசி கழுவிய இரண்டாம் தண்ணீர்,
அதிலும் பாதி பச்சைத்தண்ணீர், வாரம் ஒருமுறை.
பாத்ரூம் ஜன்னலில் ஈரத்தட்டு,
தட்டில் பாலாற்றில் மணல் போனபின்
மிஞ்சிய கூழாங்கற்கள்.

பர்த்வான்காரர் ஒருநாள் விடிகாலை ரூம் காலி செய்தார்.
இரண்டு பேராக வந்தவர்.
போகும்போது டப்பாவைக் கையில் தூக்கி எடை பார்த்து
"தண்ணி ஜாஸ்தி" என்றார்.
அவ்வளவுதான் பேசினார்.

ஆடியில் போன் வந்தது.
"அண்ணா, அவன் இருக்கானா?"

நாலு மாதத்தில் அவள் பொறுக்கிய தமிழில்
எல்லாமே அவன்தான்.
அவன் சாப்பிட்டான். அவன் தூங்கலை.
அவன் இன்னைக்கு ஒன்னுக்குப் போனான் அண்ணா.
செடிக்கு 'அது' என்று
நான் சொல்லித் தந்ததில்லை.

"இருக்கான்" என்றேன்.
"அடியில ஒன்னு மொளைச்சிருக்கு.
வேரா பூத்தண்டான்னு தெரியலை."
"நுனி எப்படி?"
"பச்சையா. உருண்டையா, மழுங்கி."
"வேர்" என்றாள்.

கேட்க வேண்டியது என் நாக்கில் இருந்தது.
அதே இரண்டு வார்த்தை;
அதை அவள் செடிக்குச் செலவழித்துவிட்டாள்.

அந்தப் பக்கம் தகரத்தில் மழை கேட்டது.
இந்தப் பக்கம் ஒருவர்
ஸ்கேன் கவரைத் தலைக்கு வெயில்மறைப்பாய்ப் பிடித்தபடி
பதினாலாம் நம்பர் சாவிக்கு
நின்றுகொண்டிருந்தார்.