ஒரே ஓனர்

மார்த்தாண்டம் மேம்பாலத்தின் நடு முதுகில்
மூன்றாம் முறையாக நின்றது.
பின்னால் களியக்காவிளை பஸ்.
அதன் ஹார்னில் என் வம்சமே வந்து போனது.

குவைத்தில் பதினோரு வருசம்
அடுத்தவர் நரம்பைத் தேடிய விரல்கள்.
முதல் குத்திலேயே ஏற்றிவிடும் என்று பேர்.
அதே விரல்களால் எண்ணிக் கொடுத்தேன்
மூன்று லட்சத்து இருபதாயிரம்,
சீலோவாம் கார்ஸ், ஜஸ்டஸ் ராபியின் கையில்.

"ஒரே ஓனராக்கும் சிஸ்டரே. பல் டாக்டர்.
ஞாயிறு கோயிலுக்கு மட்டும் எடுப்பாரு.
நம்பலேண்ணா மீட்டரைப் பாருங்க."
மீட்டரைப் பார்த்தேன்.
மீட்டரும் என்னைப் பார்த்தது.

உள்ளே எலுமிச்சை வாசனை, மூச்சடைக்க.
எதை மறைக்க எவ்வளவு டெட்டால் ஊற்றுவார்கள் என்று
வார்டில் படித்தவள்தான் நான்.
அன்றைக்கு மூக்கு லீவில் இருந்தது.

ஜன்னல் இறங்கும், ஏறாது.
ஏசி போட்டால் வைப்பர் ஆடும்.
ஆனி மழை பிடித்ததும்
டேஷ்போர்டில் எல்லா விளக்கும் ஒன்றாய் எரிந்தது,
கிறிஸ்மஸ் குடில்போல.
"செட் ஆகுற வரை அப்பிடித்தான்" என்றார் ஜஸ்டஸ்,
புது மருமகளைப் பற்றிச் சொல்வதுபோல.
பிறகு, "பேட்டரி."
பிறகு, "நீங்க ஓட்டுற விதம்."
பிறகு ரிங் மட்டும் போய்க்கொண்டிருந்தது.

தக்கலையில் மாகீன் மெக்கானிக்
பானெட்டைத் திறக்கவே இல்லை.
சீட்டில் உட்கார்ந்து பெல்ட்டை இழுத்தார்.
தோள் வரை, மடி வரை, முழங்கால் வரை,
இன்னும்,
எந்த வயிற்றுக்கும் தேவைப்படாத நீளம் வரை.
அங்கே ஒரு கோடு.
கட்டன்சாயா நிறம்.
அதற்குக் கீழே காய்ந்த சகதி
பொடிப்பொடியாய் அவர் கைலியில் உதிர்ந்தது.
"முங்கிக் கிடந்த வண்டியாக்கும்" என்றார்,
கேதம் சொல்லும் குரலில்.

கார்பெட்டுக்கு அடியில் ஒரு நத்தை ஓடு.
மலையாளத்தில் ஒரு சர்வீஸ் ரசீது.
போன் நம்பரில் கடைசி எண் கரைந்திருந்தது.
பத்துத் தடவைதானே.
ஏழாவதில் எடுத்தார்.

செங்ஙன்னூர், ஈசோ வர்கீஸ்.
பல் டாக்டர் இல்லை, ரேஷன் கடை.
"அது இப்பழும் ஓடுன்னுண்டோ?"
புதைத்துவிட்டு வந்த ஒருத்தன்
சந்தையில் நிற்பதாக நான் சொன்னதுபோல.
மூன்று நாள் தண்ணிக்குள் நின்றதாம்.
இன்சூரன்ஸ்காரர்கள் கயிறு கட்டி இழுத்துப் போனார்களாம்.
ஒரு படம் அனுப்பினார்:
பழுப்பு வெள்ளம், மிதக்கும் வாழைக்குலை,
நடுவே வெள்ளைக் கூரை மட்டும்.
என் கூரை.

அச்செடுத்து ஜஸ்டஸ் மேசையில் வைத்தேன்.
கண்ணாடி போட்டுப் பார்த்தார்.
கழற்றிவிட்டும் பார்த்தார்.
"இது நனைஞ்சது சிஸ்டரே. முங்குனதில்ல."
அவர் தலைக்கு மேலே சட்டமிட்ட படம்,
சீலோவாம் குளத்தில் ஒரு குருடன் முகம் கழுவுகிறான்.
குளத்தில் இறங்கியதென்னவோ கார்.
பார்வை வந்தது எனக்கு,
எட்டு மாசம் கழித்து.

கேட்டுக்குக் குறுக்கே நிறுத்திவிட்டு
சாவியோடு பஸ் ஏறினேன்.
உண்மையைச் சொன்னால் நான் நிறுத்தவில்லை.
அந்த இடம் வந்ததும் அதுவாக நின்றது.

மூன்றாம் நாள் போய்ப் பார்க்கிறேன்,
ஓரமாகத் தள்ளி, கழுவி, துடைத்து,
முன்கண்ணாடியில் சுண்ணாம்பு எழுத்து:
விற்பனைக்கு. ஒரே ஓனர். நர்ஸ்.

வக்கீல் ஹெப்சி ரெஜினா
தன் காரில் ஏறச் சொன்னார்.
ஏறினேன். பெல்ட்டை இழுத்தேன், கடைசி வரை.
"என்ன தேடுதிய?"
சுத்தமாக இருந்தது.
வக்காலத்தில் கையெழுத்துப் போட்டேன்.
நாகர்கோவில் நுகர்வோர் கோர்ட்டில்
இது ஐந்தாவது வாய்தா.

மழை இரவுகளில் செங்ஙன்னூர் போன் வரும்.
கேஸைப் பற்றி அவர் கேட்பதில்லை.
"ஸ்டார்ட் ஆகுன்னுண்டோ?"
வெளியே கார் நிற்கும் இடம் காலியாக நனைகிறது.
"ஆகுது" என்பேன்.
"நல்ல வண்டியாக்கும்."