நான்கு விநாடி கூடுதல்

பதினொரு துண்டுகள் வெட்டி வைத்திருக்கிறேன்.
ஐந்தில் பையன் நன்றாக ஆடுகிறான்,
ஆறில் இல்லை.
எதை முதலில் போடுவது என்பதில்தான்
வழக்கே இருக்கிறது.
இதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

கிளைப்பேடா. பிப்ரவரி.
துறைமுகத்துக் காற்று
ஜன்னல் சட்டத்தைப் பிடித்து உலுக்குகிறது.
கோச் ரிம்வீதாஸ் தேநீரில்
மூன்றாவது சர்க்கரைக் கட்டியைப் போடுகிறார்.
தோற்ற இரவுகளில் மட்டும் மூன்று.

"எய்மந்தாஸுக்குப் பத்தொன்பது வயது" என்கிறார்,
அது ஒரு குற்றம் போல.
"பத்தொன்பதுதான்" என்கிறார் துணைக் கோச் விலியுஸ்,
அது வங்கியில் கிடக்கும் பணம் போல.

முதல் துண்டு.
இரண்டு பேர் நெருக்க
பையன் பந்தோடு மூலைக்குப் போகிறான்.
யாரும் தள்ளவில்லை, தானாகவே.
சாவியை உள்ளே வைத்துக் கதவைச் சாத்தியவன் போல
அங்கே நிற்கிறான்.
"பார்" என்கிறார் ரிம்வீதாஸ்.
"பார், பார்."

இரண்டாவது.
இடது கையால் ஒரு பாஸ்.
மூன்று பேரின் முழங்கைகளுக்கு நடுவே
அப்படி ஒரு சந்து இருந்தது
பந்து கடந்த பிறகுதான் எனக்கே தெரிந்தது.
விலியுஸ் ஒன்றும் சொல்லவில்லை.
நாற்காலியை மட்டும் முன்னால் இழுத்துக்கொண்டார்.

ஆட்டம் நாற்பது நிமிடம், இழுத்தால் நீளாது.
கொடுப்பதென்றால்
சௌலியுஸின் பதினான்கிலிருந்துதான் எடுக்க வேண்டும்.
அவனுக்கு முப்பத்தைந்து வயது,
முழங்காலில் மாதம் ஒரு ஊசி,
ஆனால் பந்தைத் தொலைக்க மாட்டான்.

"ஆழம் தெரியாமல் இறக்கிவிடச் சொல்கிறாயா?"
"கரையிலேயே உட்காரவைத்தால்
ஆழம் அவனுக்கு எப்போது தெரியும்?"
"பயிற்சியில் தெரிந்துகொள்ளட்டும்."
"பயிற்சியில் யாரும் முழங்கையால் இடிப்பதில்லை."
இரண்டு பேரும் சரி.
அதனால்தான் குரல் ஏறுகிறது.

கதவோர நாற்காலி என்னுடையது.
கருத்துச் சொல்ல எனக்குச் சம்பளம் இல்லை.

ஏழாவது துண்டு, எஸ்தோனியாக்காரர்களோடு ஆடியது.
பையனின் கையிலிருந்து பந்தைத் தட்டிக்கொண்டு ஓடுகிறார்கள்.
பந்து போனதும் வெட்டிவிடுவது என் வழக்கம்.
இந்த முறை
நான்கு விநாடி தள்ளி வெட்டினேன்.

கேமரா பந்தின் பின்னால் போகிறது.
திரையின் ஓரத்தில் அவன்.
தலையில் கை வைக்கவில்லை.
பெஞ்சைத் திரும்பிப் பார்க்கவில்லை
(எல்லோரும் பார்ப்பார்கள், சௌலியுஸ்கூட).
ஓடுகிறான்.
ஓடிக்கொண்டே கையை நீட்டி
நீ அவனை, நீ இவனை என்கிறான்
தன்னைவிடப் பத்து வயது மூத்தவர்களிடம்.
மிச்சமிருந்த ஒரே ஆள், அவர்களுடைய சென்டர்,
ஏறக்குறைய ஒரு பீரோ.
அவன் முன்னால் போய் நின்று
இடி வாங்கி விழுகிறான்.

கூடை எப்படியும் விழுந்துவிட்டது.

"இதை ஏன் விட்டுவைத்தாய், யோவிதா?"
"வெட்ட மறந்துவிட்டேன்."
பொய். அவருக்கும் தெரியும்.
"மறுபடி போடு."

ஐந்து முறை போட்டேன்.
தேநீர் ஆறிப்போனது.
"ஆறு நிமிடம்" என்றார் கடைசியில்.
"இரண்டாம் கால்பாகம்.
நாம் பின்தங்கியிருந்தால் மட்டும்."
"முன்னால் இருந்தால்?" என்றார் விலியுஸ்.
பதில் இல்லை.
கரையாத சர்க்கரையைக் கரண்டியால் தேடிக்கொண்டிருந்தார்.

தாழ்வாரத்தில் சௌலியுஸ்,
முழங்காலில் ஐஸ் பை,
கீழே சின்னக் குட்டையாகத் தண்ணீர்.
"எத்தனை?"
சொல்லக் கூடாது. சொன்னேன்.
"அப்போ எனக்கு எட்டு" என்றான்.
கணக்கில் அவன் என்றுமே வேகம்.
பையை அவிழ்த்துத் தொட்டியில் போட்டுவிட்டு
கார் சாவியைத் தேடினான்.

வெளியே பனி.
வாகன நிறுத்தத்தில் எய்மந்தாஸ்
தன் அடையாள அட்டையால்
ஒரு காரின் முன்கண்ணாடியைச் சுரண்டிக்கொண்டிருந்தான்.
சௌலியுஸின் கார்.
தினமும் அதில்தான் வீட்டுக்குப் போகிறான்.
ஓட்டுபவர் பக்கம் மட்டும் சுரண்டியிருந்தான்,
ஒரு முகம் அளவுக்கு.
தான் உட்காரும் பக்கம் இன்னும் வெள்ளையாக இருந்தது.